வந்தவருக்குத் தண்ணீர்

அறுவடை நேரத்தில் மழை பிடித்து, உளுந்தெல்லாம் செடியிலேயே முளைவிட்ட வருசம் நினைவிருக்கும். அதற்கு மறு வருசம்தான் மகன் என்னைக் கோவில்பட்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். முன்பு தீப்பெட்டிக் குடோனாக இருந்த கட்டிடம். ஈரக்காற்று அடித்தால் சுவரில் இன்னும் தீக்குச்சி மருந்து வாடை வரும்.

பக்கத்துக் கட்டிலில் கயத்தாற்றுக்காரர். லாரி ஓட்டியவர், இப்போது என்னைப் போலவே அவராலும் எழுந்து நடக்க முடியாது. இல்லத்து முதலாளி தன்மையாகத்தான் பேசுவார். ஆனால் செலவைக் குறைக்கச் சாயங்கால வேலைக்காரப் பெண்களை நிறுத்திவிட்டார். துணி மாற்ற ஆளில்லை. அதனால் நாலு மணிக்கு மேல் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது, செம்பையும் எடுத்துவிடுவார்கள்.

"நனைஞ்சு கெடந்தா ஒங்களுக்குத்தான பெரியப்பா சங்கடம்" என்பார்.

நாக்கு ஒட்டி, கண் சொருகும்போது கரிசல்காடு வரும். வெடித்த நிலம். வெடிப்புக்குள் கைவிட்டால் சில்லென்று தண்ணீர். என்றோ செத்துப்போன எங்கள் காளை பக்கத்தில் வந்து உறிஞ்சும். அதற்கு வலது கொம்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அது வேறு கதை.

கயத்தாற்றுக்காரருக்கு மூத்திரம் கறுத்துக் காய்ச்சல் கண்டது. ஆள் தாங்கமாட்டார் என்று எனக்குப் பயம்.

"யார்ட்டயாவது சொல்லிருவமா அண்ணாச்சி?"

"சொன்னா வெளிய அனுப்பிருவான்வே. எனக்குப் போக எடம் ஏது?"

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம், சோதனை போட அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மின்விசிறி, கக்கூஸ், தீயணைக்கும் சிலிண்டர் எல்லாம் பார்த்தார். "நல்லா இருக்கீங்களா தாத்தா?" என்றார்.

வந்தவரிடம் குறை சொல்லிப் பழகாத வாய். "நல்லாருக்கோம் தாயி" என்றார் கயத்தாற்றுக்காரர். நானும் தலையாட்டிவிட்டேன். அந்த அம்மா வாசல்பக்கம் திரும்பினார்.

காய்ச்சலில் கயத்தாற்றுக்காரருக்கு அது சொந்த வீடாகத் தோன்றியதோ என்னவோ. "வெயில்ல வந்திருக்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ தாயி" என்று கட்டிலுக்கடியில் கையை விட்டுத் தடவினார். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்தவரை வெறுமனே அனுப்பமாட்டோம். அந்த அம்மாவும் குனிந்து பார்த்தார். ஒரு கட்டிலடியிலும் செம்பு இல்லை.

"நீங்க எதுல தாத்தா குடிப்பீங்க?"

"இனிமே விடிஞ்சாத்தான தருவாவ."

அந்த அம்மா, கூடவே நின்ற முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். கயத்தாற்றுக்காரரை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் கிளம்பினார். அண்ணாச்சி பிழைத்து வந்தார். சாயங்காலத்துக்கு ஆளும் வந்தது.

பெற்றவர்களை இப்படி விட்டிருப்பவர் யாரையாவது பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நாங்கள் ஆமாம் என்றுதான் சொல்லுவோம். பொழுது சாயப் போய், கட்டிலில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொல்லுங்கள்.