சேலைக்குள் காக்கைக் கொடி

இலுப்பூர் சாலையில் பஸ் நின்றுவிட்டது. "மூதேவி, இன்னைக்குன்னு பாத்து மக்கர் பண்ணுது" என்று டிரைவர் டயரை உதைக்கிறார்.

எதிரே வேப்பமரத்தடியில் 'மகாலட்சுமி' என்று ஒரு பலகை. அதன் கீழே பச்சைச் சேலை சுற்றிய பழங்காலக் கற்சிலை. சரிந்த தொந்தி, பக்கத்தில் மாட்டுத் தலையுடன் மகன். லட்சுமிக்கு ஏது மாட்டுத் தலை மகன்? இவள் அவளுடைய அக்கா மூதேவி. பல்லவர் காலத்தில் கோயிலில் வைத்துக் கும்பிட்டவளை இன்று வைவதற்கு மட்டும் கூப்பிடுகிறோம்.

படித்த திமிர் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை. பொங்கலோடு வருகிற பூசாரி அம்மாவிடம், "இது மூதேவியாச்சே. சேலைக்குள்ள அவளோட காக்காக் கொடி இருக்கணுமே?" என்கிறேன்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "இருக்குங்க. அதை மறைக்கத்தான் சேலையை அங்கிட்டு இழுத்துக் கட்டியிருக்கேன். சொந்தப் பேரைப் போட்டா ஒருத்தராச்சும் கும்பிட வருவாங்களா? தங்கச்சி பேரைச் சொல்லித்தான் அக்காவுக்குச் சோறு போடுறேன். வெளிய சொல்லிறாதீங்க."

அதற்குள் டிரைவர் வந்து செருப்பைக் கழற்றுகிறார். "தாயே, வண்டி கெளம்பிறணும்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிறகு சிலையை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"லட்சுமிதானே சார்? தொந்தியெல்லாம் இருக்கு?"

பூசாரி அம்மா என்னையே பார்க்கிறார்.

"லட்சுமியேதான்" என்கிறேன்.