அவிழ்த்துவிட்ட கிடாய்

சஞ்ஜித்மா என் தாயின் தங்கை. பிறப்பு 1921. கணவர் தோர்லிக். கூட்டுப்பண்ணை அவர்கள் பொறுப்பில் விட்ட ஆடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் வெளியிலிருந்து தருவித்த மென்மயிர்க் கிடாய்களின் வழி வந்தவை, வால் மெலிந்தவை. சொந்தமாக இருந்தது கொழுத்த வாலுடைய ஒரே நாட்டுக் கிடாய். குட்டிகள் காலந்தவறிப் பிறவாதிருக்க எங்கள் பக்கம் கிடாய்களின் அடிவயிற்றில் கம்பளி மறைப்பு கட்டுவோம். ஆனால் மென்மயிர் இனத்தில் நாட்டு இரத்தம் கலந்துவிடாதிருக்க, இந்தக் கிடாய்க்கு மட்டும் அதை ஆண்டு முழுதும் அவிழ்க்கக் கூடாது என்பது பண்ணையின் விதி.

1964 இலையுதிர்காலத்தில் சித்தி அவிழ்த்தார்.

முந்தைய குளிர்காலத்தில், ஒரு சாண் பனிக்கடியில் புல் இருந்தும், மென்மயிர் ஆடுகள் தோண்டத் தெரியாமல் நின்றபடியே செத்ததை அவர் பார்த்திருந்தார். நாட்டு ஆடுகள் எத்தனையோ தலைமுறையாகக் குளம்பால் பனியைப் பறித்தே பிழைத்தவை. பறிக்காதவை குட்டி ஈனாமலே மடிந்துபோயின. அந்தக் குணம் தன் மந்தைக்கும் வேண்டும் என்று நினைத்தார்.

"உனக்கென்ன கிறுக்கா? குட்டியோட வாலே காட்டிக்குடுத்துடும். உள்ள தள்ளிடுவாங்கடி!" என்றார் தோர்லிக்.

"அப்போ அந்த வால உங்க கோட்டைப் போட்டு மூடுங்க," என்றார் சித்தி.

மூன்று ஈற்றில் பாதி மந்தைக்கு வால் தடித்துவிட்டது. 1967 வசந்தத்தில் பண்ணையின் சோதகர் கல்சன் ஜீப்பில் வந்து இறங்கினார். சித்தி பால்தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

கல்சன் ஒரு குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, இதுக்கு மட்டும் தனியா வெண்ணெய் ஊட்டினியா?"

"நல்ல மேய்ச்சல்ண்ணே..."

"மேய்ச்சல் வால்ல மட்டுமா ஏறும்? இலையுதிர்ல விசாரணைக் குழுவோட வரேன். அதுவரைக்கும் ஒரு குட்டியக்கூட அறுக்காத."

அன்றே சிறைக்கென்று ஒரு துணிமூட்டை கட்டினார் சித்தி. கோடை முழுதும், தூரத்தில் எழுந்த புழுதி வெறும் சுழற்காற்று என்று தெரிந்த பின்னும் அவர் பார்த்தபடியே நிற்பார்.

குழு வருமுன் பனி வந்தது. உருகி, மறுபடி கல்லாய் இறுகியது. தடித்த வால்கள் அதைக் குளம்பால் உடைத்தன. மெல்லிய வால்கள் பின்னால் வந்து அந்தக் குழிகளில் மேய்ந்தன. அக்கம்பக்க மந்தைகளில் ஆடுகள் பாதிக்கு மேல் அழிந்தன. சித்தியிடம் செத்தவை முப்பத்தொன்பது.

அடுத்த வசந்தத்தில் கல்சன் குழு இல்லாமல் தனியாக வந்தார். ஆடுகளை எண்ணி முடித்து, கூடாரச் சுவரில் தொங்கிய கிடாயின் மறைப்பைப் பார்த்தார்.

"கயித்த எலி கடிச்சிடுச்சு போல?"

"ஆமாண்ணே, பெரிய எலி," என்றார் தோர்லிக்.

"அந்த எலி நல்லா இருக்கட்டும். நான் எதையும் பாக்கல. எனக்கப்புறம் வர்றவன் பாப்பானோ என்னவோ."

அடுத்து வந்த சோதகர் மூவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் ஜீப் சத்தம் கேட்டால் சித்தியின் கை மூட்டையைத் தேடும். அவர் இறந்த அன்றும் அது கட்டியபடியே தலைமாட்டில் இருந்தது. கட்டி இருபத்திரண்டு ஆண்டுகள்.