நூலக்காவின் நாற்காலி

நூலக்கா என்றுதான் அந்தத் தையல் கம்பெனியில் அவளைக் கூப்பிடுவார்கள். தைத்து வந்த சட்டையைப் புரட்டிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறு நூலை நறுக்கிவிடுகிற வேலை. கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகளைப் படிக்க வைப்பது இந்த வேலைதான்.

செக்கிங் மேசையில் எல்லாரும் நின்றபடிதான் பார்ப்பார்கள். அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகி, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, கம்பெனி ஒரு நாற்காலி போட்டது. உடம்பு முடியாதவருக்கு உட்கார இடம் தரணும் என்று சட்டமே இருக்கிறதாம். சட்டம் கொடுத்தாலும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மனசு வரணுமே! "மகாராணிக்கு விசிறி விடட்டுமா?" என்பாள் அதே மேசையில் பட்டன் சரிபார்க்கிற பட்டன்காரி. நூலக்கா சிரித்து வைப்பாள்.

தம்பி மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. "அத்தை தூக்காம வேற யார் தூக்குறது?" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஆசை யாரை விட்டது? தலைக்கு மேலே தூக்கிக் கொஞ்சினாள். தம்பி பெண்டாட்டி செல்போனில் வீடியோ எடுத்தாள். குழந்தையை இறக்கிவிட்ட கையோடு நிமிர முடியாமல் தரையில் சரிந்தாள் நூலக்கா. தம்பியும் மகளும் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் வீடியோவில் விழுந்துவிட்டது.

"அந்தக் கண்றாவியை யாருக்கும் காட்டிடாதே, தாயே," என்றாள் நூலக்கா.

சரியென்று, குழந்தையைத் தூக்கிச் சிரிக்கிற இடத்தை மட்டும் வெட்டி பேஸ்புக்கில் போட்டாள் தம்பி பெண்டாட்டி.

மறுநாள் காலையில் மேசையில் ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டன்காரி மட்டும் வாயைத் திறந்தாள். "தூக்குறதெல்லாம் பலமாத்தான் இருக்கு. பார்த்தோம்க்கா, பார்த்தோம்."

நூலக்கா வேலையைப் போட்டது போட்டபடி எழுந்தாள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டாள்.

"அந்த வீடியோவை அழிச்சிடும்மா. ஒண்ணு விடாம அழி."

"ஏன் அண்ணி, என்ன ஆச்சு?"

"கேள்வி கேக்காதே. முதல்ல அழி."

அந்தக் குரலைக் கேட்டுத் தம்பி பெண்டாட்டியும் பயந்துபோனாள். போட்டதை எடுத்தாள். போனில் இருந்த முழு வீடியோவையும் தேடிப் பிடித்து, திரும்பக் கிடைக்காதபடி ஒழித்துக் கட்டினாள்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் போனில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அழிக்கும் முன்பே யாரோ அதைச் சேமித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"காலையில இருந்துச்சு. இப்பக் காணோம். தப்பு இல்லேன்னா ஏன்மா அழிச்சீங்க?"

"பயந்துட்டேன் சார். தூக்கின உடனே விழுந்துட்டேன். அதுவும் வீடியோவுல இருந்துச்சு."

"அப்ப அதைக் காட்டுங்க."

அந்த முழு வீடியோவும் இப்போது இல்லை. தனக்கு இருந்த ஒரே சாட்சியைத் தானே அழிக்கச் சொன்னதை எந்த வாயால் சொல்வாள்?

"வெள்ளிக்கிழமை கம்பெனி டாக்டர் வர்றார்," என்றார் மேனேஜர். "அவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நாற்காலி இருக்கட்டும். ஏமாத்தினது உண்மைன்னா நாற்காலி மட்டும் போகாது, வேலையும் போகும்."

திரும்பி வந்தவளுக்கு நாற்காலியைப் பார்க்கவே பயமாக இருந்தது. பேசாமல் மற்றவர்களோடு நின்று சட்டையைப் புரட்டினாள். இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசரம்மா ஓடி வந்து காதோரம் சீறினாள். "உனக்கென்ன கிறுக்கா? நீ நிக்கிறதை ஒருத்தி படம் எடுத்து, 'பாருங்க சார், நல்லாத்தானே நிக்கிறா'ன்னு கொடுத்தா என்ன பண்ணுவே? உட்காரு!"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. பொத்தென்று உட்கார்ந்தாள். எதிர்வரிசையில் யாரோ போனை எடுத்தார்கள். மணி பார்க்கவா, வேறெதற்காவதா? கை பட்டு மேசைமேலிருந்த சட்டை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.