ஜெயராணிக்கு பி.பி. பார்த்த நாள்

பி.பி. பார்க்கும் சாமான்களை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்ப எழுந்தபோது, ஆரோக்கியம் அண்ணன் கட்டிலில் படுத்தபடியே என் கோட்டைப் பிடித்து இழுத்தார். பழனி ரூட்டில் பஸ் ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"அவ..." என்று அடுப்படிப் பக்கம் இடது கையை நீட்டினார். "அவளப் பாருங்க."

நான் அப்போது வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ். திண்டுக்கல்லிலிருந்து வேனில் கிளம்பினால் கொடைரோடு பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்புவோம். அந்த ரூட்டில் எனக்குப் பிடித்த வீடு இது. அண்ணனுக்கு முதுகில் ஒரு சின்னப் புண்கூட வந்ததில்லை. அவர் மனைவி ஜெயராணி ராத்திரியும் எழுந்து எழுந்து அவரைப் புரட்டிப் போடுவாள்.

அடுப்படியை எட்டிப் பார்த்தேன். ஜெயராணி எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தோளைச் சுவரில் சாய்த்திருந்தாள். சாய்ந்து நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவர் இல்லையென்றால் விழுந்துவிடுவாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அவருக்கு வேற வேலையில்ல சிஸ்டர். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

உட்கார வைத்து பி.பி. பார்த்தேன். நம்ப முடியாமல் மறு கையிலும் பார்த்தேன். இரண்டிலும் மேல் அளவு இருநூறைத் தாண்டியிருந்தது.

"தலவலி இருக்கா?"

"அது எப்பவும் இருக்கறதுதானே. சுக்கு உரசிப் பத்துப் போட்டா போயிரும்."

நாள் முழுக்க அந்தக் கட்டிலிலிருந்து அண்ணன் பார்க்கக்கூடியது அவளை மட்டும்தான். அதனால்தான் அவர் கண்ணுக்கு முதலில் பட்டிருக்கிறது.

உப்பு

"ஆஸ்பத்திரியில சேரணும் ஜெயராணி. இன்னைக்கே."

"இவர யாரு பாப்பா?"

"நீ விழுந்துட்டா யாரு பாப்பா?"

நிலக்கோட்டையில் அண்ணனின் தங்கை மேரி இருப்பது எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிடலாமே என்றேன்.

"மேரியா? அவ பூக்கட்டத்தான் லாயக்கு சிஸ்டர். கஞ்சிக்கு அளவா உப்புப் போடக்கூடத் தெரியாது."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "உப்பு... வேணாம்."

நான் சிரித்துவிட்டேன். ஜெயராணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அண்ணனால் எழுந்து வர முடியாது. இடது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் காற்றில் துழாவினார். அவள் நகர்ந்து போய் அந்தக் கைக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. வெளியே வந்து மேரிக்குப் போன் போட்டேன்.

"மதினிக்கு முடியலையா? ஏன் சிஸ்டர் இம்புட்டு நாளா சொல்லல? இந்தா பஸ் ஏறிட்டேன், வாரேன்."

சிவப்பு

வார்டில் சேர்த்ததும் ஜெயராணி தூங்கினாள். சாப்பாட்டுக்கு எழுப்பினாலும் கண்ணைத் திறக்கவில்லையாம். நான் பார்க்கப் போனபோது மாத்திரைக்கு பி.பி. இறங்க ஆரம்பித்திருந்தது. என்னைக் கண்டதும் கேட்டாள், "அங்க போனீங்களா? முதுகப் பாத்தீங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாத்தேன். இடுப்புக்கிட்ட லேசா செவந்திருக்கு. புண்ணில்ல. எப்படிப் புரட்டணும், தலகாணிய எங்க வைக்கணும்னு மேரிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

சடாரென்று எழுந்து காலைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூடத் தேடினாள். நான் தடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலை மேலே தூக்கிப் படுத்துக்கொண்டாள்.

"அவளும் பழகணும்ல" என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த வீட்டில் அவள் எவ்வளவோ வேலை செய்து பார்த்திருக்கிறேன். எழுந்தவள் திரும்பப் படுத்தாளே, அதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமான வேலை. மேரி நன்றாகவே பழகிக்கொண்டாள். சிவப்பும் மறைந்துவிட்டது.

சனிக்கிழமை

வீடு திரும்பிய பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை மத்தியானம் மேரி வருவாள். ஜெயராணி வெளியே போக வேண்டும். முதல் வாரம் எங்கே போனாய் என்று கேட்டேன்.

"எங்க போறதுன்னே தெரியல சிஸ்டர். பஸ் ஸ்டாப்புல செத்த நேரம் ஒக்காந்துட்டு வந்துட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டிலில் இருப்பவருக்கு பி.பி. பார்த்த கையோடு, பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் உட்கார வைத்துப் பாருங்கள். எப்போது தூங்கினாய் என்று கேளுங்கள். 'நல்லா இருக்கேன்' என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவளுக்கு மாத்திரை மட்டும் போதாது, மாற்றி நிற்க ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதும் நம் வேலைதான். உங்களுக்கும் அப்படி ஓர் ஆளை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகொரு விசிட்டில் ஜெயராணி அடக்க முடியாத சிரிப்போடு வாசலுக்கு வந்தாள். அந்தச் சனிக்கிழமை திண்டுக்கல்வரை போயிருக்கிறாள்.

"கடையில தோச சாப்ட்டேன் சிஸ்டர். யாரோ சுட்டுச் சுட்டுப் போட, நான் பாட்டுக்கு ஒக்காந்து தின்னுட்டு வாரேன்!"

"அண்ணனுக்கு என்ன வாங்கிட்டு வந்தே?"

வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, நெனப்பே வரல சிஸ்டர்."

உள்ளே கட்டிலில் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது வாசல்வரை கேட்டது.