உயிரோடிருந்தவரின் செத்த வீடு

எங்கள் கட்டடத்தில் இப்போது இரண்டு லிஃப்டும் ஓடுகின்றன. கட்டடத்தை நடத்துகிற கம்பனிக்காரரின் நல்ல மனசால்தான் ஓடுகின்றன என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட வைத்தவர்கள் நாங்கள். எங்களை ஓரிடத்தில் சேர்த்தவர் ஒரு பிலிப்பீன்காரர். அதுவும், அவர் செத்துவிட்டார் என்று எங்கள் சனம் நினைத்ததால் நடந்தது.

நானும் கணவரும் வோபர்ன் என்ற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தட்டில் இருக்கிறோம். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. சக்கர நாற்காலியில்தான் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். ஒரு லிஃப்ட் ஸ்னோ கரைந்த கையோடு நின்றது. மற்றது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். ஒருநாள் தீயணைப்புப் படைக்காரர் வந்து அவரைப் படிவழியே தூக்கி இறக்கினார்கள். அன்று மாலை மகன் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து ஓடிவந்தான்.

"அம்மா, இனி நீங்கள் இஞ்ச இருக்கேலாது. எங்கட பேஸ்மென்ருக்கு வாங்கோ. இல்லாட்டி அப்பாவை வயோதிபர் ஹோமில விடுவம்."

அகதியாக இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேல் பக்கம் ஒரே அறைக்குள் இன்னொரு குடும்பத்தோடு கிடந்தோம். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி ஷிஃப்ட் செய்து எடுத்த வீடு இது. வாடகை வீடுதான். ஆனாலும் என் வீடு. ஒரு இயந்திரத்தைத் திருத்த எவனுக்கோ மனமில்லை என்பதற்காக நான் ஏன் இதை விட்டுப் போகவேண்டும்?

பிலிப்பீன்காரர் எங்கள் தட்டிலேயே மகளோடு இருந்தார். எழுபதைத் தாண்டியவர். சலவை அறையில்தான் பழக்கமானோம். இருவருடையதும் ஓட்டை ஆங்கிலம். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். ஊரில் கிராமத் தலைவராகத் தொடங்கி, மாகாண சபைக்கு மூன்று தரம் வென்றவர். வென்ற விதத்தையும் அவர் மறைக்கவில்லை.

"எனக்குப் பேச்சு வராது, மேடம். ஆனால் ஒரு செத்த வீட்டையும் நான் தவறவிட்டதில்லை."

அந்த மாகாணத்தில் ஆளுநர் பதவி ஒரே குடும்பத்துக்குள் சுற்றிவருமாம். தகப்பன், பிறகு மனைவி, பிறகு மகன். அவர்கள் இவரையும் தங்கள் பக்கம் அழைத்து உப ஆளுநர் இடம் தருகிறோம் என்றார்கள். இவர் மாட்டேன் என்று சொல்லித் தேர்தலில் எதிர்த்து நின்றார், தோற்றார். அதற்குப் பிறகு இவர் வைத்திருந்த அரிசி ஆலைக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுவர ஊரில் யாருக்கும் துணிவு வரவில்லை. ஆலை போயிற்று, காணி போயிற்று. கடைசியில் மகளிடம் வந்து சேர்ந்தார்.

இங்கே வந்தும் மனிதர் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் விஷயமாக லொபியில் கூட்டம் வைத்தார். கதவு கதவாகத் தட்டிச் சொல்லியும் ஐந்தாறு பேர்தான் வந்தோம். எங்கள் ஆட்களைக் கேட்டால், "உவருக்கேன் உந்த வேலை? மனேஜர் எங்களைக் குறிச்சு வைப்பான்" என்றார்கள். ஷெல்லடிக்குள்ளால் ஓடிவந்த சனம், டை கட்டிய ஒரு பொடியனுக்குப் பயந்தது. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

அந்த நாட்களில் பன்னிரண்டாம் தட்டில் இருந்த ஒரு அன்ரி ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். பிலிப்பீன்காரர் என்னிடம் வந்து, அனுதாபத்தைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். மலர்வளையத்தில் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கணவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினால், லொபிச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பதாகை தொங்குகிறது. நான்கு மூலையிலும் வெள்ளைப் பூ. மேலே கொட்டை எழுத்தில் நான் எழுதிக் கொடுத்த தமிழ். நடுவில், அவர்களுடைய மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு பிலிப்பீன்காரர். செத்துப்போன அன்ரியின் பெயர் அடியில் எறும்பளவில் இருந்தது. அவர்களுடைய ஊரில் அனுதாபம் சொல்கிற அரசியல்வாதி தன்னுடைய படத்தைத்தான் போடுவாராம். எங்களில் படம் போட்டால் ஆள் முடிந்தது என்று அர்த்தம்.

டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டதால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல முடியாமல் போய்விட்டேன். பின்னேரம் திரும்பி வந்தபோது எங்கள் தட்டு முழுக்கச் சனம். பெண்கள் வெள்ளைச் சேலையில் நின்றார்கள். ஒருவர் பிளாஸ்கில் தேத்தண்ணி, இன்னொருவர் சட்டி நிறைய இடியப்பம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பிலிப்பீன்காரரின் மகளுக்குச் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டத்துக்கு வா என்றால் வராத அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

யாரோ கதவைத் தட்ட, திறந்தவர் அவரேதான்.

தேத்தண்ணி கொண்டுவந்தவர் பிளாஸ்கை நழுவ விட்டார். இறந்த அன்ரியின் மகனுக்கு மட்டும் விஷயம் விளங்கியிருந்தது. ஆத்திரத்தோடு முன்னால் வந்தார். "என்ர அம்மான்ர சாவில உமக்கு விளம்பரமோ?" என்றார். நான் மொழிபெயர்க்காமலே பிலிப்பீன்காரருக்கு அது விளங்கியது.

"மன்னித்துக்கொள் தம்பி, பதாகையை இப்பவே கழற்றுகிறேன்" என்றார் பிலிப்பீன்காரர். "எங்களில் முகத்தைப் போடுவது, தேவையென்றால் இவனைத் தேடி வா, பிழையென்றால் இவனைத் திட்டு என்று காட்டத்தான். நீ வந்து திட்டுகிறாய். உன்னுடைய அம்மா கடைசி மாதங்களில் லிஃப்ட் நின்றபோதெல்லாம் பன்னிரண்டு தட்டும் ஏறினாரே, அதற்கு யாரைத் திட்டினாய்? இந்தக் கட்டடத்துக்காரனின் முகத்தை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

நான் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். பிறகு அந்த மகன் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினார். பிலிப்பீன்காரர் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் நுழைந்தோம். அந்த வீட்டுக்குள் நெருக்கியடித்து இருந்து, இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கூட்டம் நடந்தது. மனேஜரின் அலுவலகத்துக்கே போவது என்று முடிவாயிற்று. போய் என்ன செய்வது என்று கேட்டபோது நான் சொன்னேன்: "செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருப்பம். காரியம் முடியிற வரைக்கும் எழும்பக்கூடாது."

அன்ரியின் கிரியைகள் முடிந்த பிறகு போனோம். அலுவலகம் மகன் இருக்கிற மார்க்கத்தில். பத்துப் பன்னிரண்டு காரில், கணவரையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினோம். வெள்ளை உடுத்தி, வரவேற்பு அறையில் கதிரையிலும் கீழேயும் இருந்தோம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள். சும்மா இருக்கிறவர்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பின்னேரமாகும்போது மனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தங்களுடைய வேறொரு கட்டடத்தில், நிலத்தோடு இருக்கிற ஒரு வீட்டை எங்களுக்குத் தரலாம், அதே வாடகைக்கு, அடுத்த கிழமையே போகலாம் என்றார். லிஃப்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இனி கணவரை யாரும் தூக்கத் தேவையில்லை. திரும்பி வந்து பிலிப்பீன்காரரிடம் சொன்னேன்.

"எடுத்துக்கொள்ளுங்கள், மேடம். எனக்கும் இப்படித்தான் ஒன்று தந்தார்கள். எடுக்காமல் விட்டு நான் எல்லாவற்றையும் இழந்தேன். உங்களை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்."

கணவரிடம் கேட்டேன். களைத்துப்போயிருந்தார்.

"எனக்கு வேற வீடு வேண்டாம்" என்றார். "என்ர வீட்டுக்கு ஏறத்தான் வழி கேட்டு வந்தனான். இந்தச் சனமெல்லாம் எனக்காண்டி வந்து நிலத்தில இருக்குது. நான் இதுகளை விட்டிட்டு வரமாட்டன். அவனுக்குச் சொல்லும்."

மனேஜரிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களுக்கு லிஃப்ட் வேண்டும், எல்லோருக்கும் வேண்டும், வேறு வீடு வேண்டாம் என்றேன். பிழை ஆங்கிலமென்றால் இருக்கட்டும் என்று இரண்டாம் தரமும் சொன்னேன்.

ஐந்து மணிக்கு வரவேற்பு அறை விளக்குகளை அணைத்தார்கள். அணைத்தால் எழும்பிப் போவோம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் எழும்பவில்லை. அன்ரியின் மகன் மட்டும் கால் மரத்துப்போய் இடம் மாறி, என் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

பிலிப்பீன்காரர் அந்தச் சனத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஊரில் நான் மாட்டேன் என்று சொன்ன அன்று, என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, மேடம்."