மருந்து இறங்கும் நேரம்

எலியின் மூளையில் முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, அங்கே ஓடும் மின் அலைகளைப் பதிவு செய்வதுதான் மலேசியாவின் ஜொகூர் பாருவில், ஓர் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. ஒரு மருந்தை ஏற்றினால், எலியின் மூளை கொஞ்ச நேரத்துக்கு மனச்சிதைவு நோயாளியின் மூளையைப் போலத் தடுமாறும். நினைவைக் காக்கும் பகுதியும் முடிவெடுக்கும் பகுதியும் வழக்கமாக ஒரே தாளத்தில் பேசிக்கொள்பவை. அப்போது தாளம் கலைந்துவிடும். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். இந்த நோயைப் படிக்கப் போனதற்குக் காரணம் எங்கள் ஊரான ரெங்கத்தில் அம்மாவோடு இருக்கும் என் அண்ணன்.

அண்ணனுக்கு மாதம் ஒரு ஊசி. அது இருக்கும்வரை குரல்கள் அடங்கியிருக்கும். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலைக்கும் போவார். தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். ஊசி நாள் விரதத்துக்குள் விழுந்தது. போடவில்லை என்பது நான் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

"விரத ஒடம்புல ஊசி ஏத்தக்கூடாதுடா. முடிஞ்சதும் போட்டுக்கலாம்," என்றார் அம்மா.

"கன்னத்துல வேல் குத்தலாம், கையில ஊசி குத்தக்கூடாதாம்மா?"

"அது சாமி குத்துறது. எலிக்கு எடுக்கிற பாடத்த எனக்கு எடுக்காத லா."

அண்ணன் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எலிக்குக் குரல் கேக்குமாடா?" என்றார்.

"தெரியலண்ணே. அலை மாறுறது மட்டும்தான் தெரியும்."

"அப்ப அதுக்கும் இதே நோவுன்னு எப்படிச் சொல்றீங்க?"

எங்கள் பேராசிரியரிடமும் அதற்கு முழுப் பதில் கிடையாது. மறுநாள் ஊசி போட அண்ணனைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டேன். "அம்மா மனசு கஷ்டப்படும்," என்று வர மறுத்துவிட்டார்.

தைப்பூசத்தன்று காவடி எடுத்த எல்லோருக்கும் அருள் வந்தது. கன்னத்து வேலைக் கழற்றி நெற்றியில் திருநீறு பூசியதும் ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். அண்ணன் தெளியவில்லை. பூசாரி மறுபடியும் பூசினார்.

"சாமி இன்னும் எறங்கல. பெரிய பக்திம்மா ஒங்க மகனுக்கு," என்றார் பக்கத்தில் நின்றவர். அம்மா கைகூப்பினார்.

அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அவனுங்கள நிறுத்தச் சொல்லுடா."

மேளம் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது.

அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி போட்டும் பல வாரங்கள் அவருக்குத் தெளியவில்லை. ஆலையில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஒருநாள் படுத்தபடியே கேட்டார்: "ஒன் எலிக்கு எப்பத் தெளியும்?"

"மருந்து எறங்கினா, சாயங்காலத்துக்குள்ள."

"குடுத்து வச்சதுங்க."

பதிவு முடிந்ததும் அவற்றைக் கொன்று, கம்பி சரியான இடத்தில்தான் இருந்ததா என்று மூளையைச் சீவிப் பார்ப்போம். அதை அவரிடம் சொல்லவில்லை.

அம்மா வார்டுக்குள் வரவில்லை. தாழ்வாரத்தில் தாதியிடம் அடுத்த ஊசி எந்தத் தேதி என்று கேட்டு, அதைத் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.