இரும்பு ஏணியில் சம்பந்தியம்மா

டிரெஸ்டனிலிருந்து உள்ளூர் ரயிலில் கொஞ்சத் தூரம் போனால், ஆற்றோரம் மணற்பாறைகள் செங்குத்தாய் எழும்பி நிற்கும் பள்ளத்தாக்கு வரும். எந்நேரமும் மழை என்று நாங்கள் திட்டுகிற இந்த ஜெர்மனியில் அப்படி ஒரு வறண்ட நிறத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அங்கே நடக்கப் போகலாம் என்று ஏற்பாடு செய்தவர் எனக்கு மாப்பிள்ளையாக வரவிருந்தவர். அவரும் மகளும் டிரெஸ்டனில் வேலை செய்கிறார்கள். அவருடைய தாய் ஹம்பேர்க்கிலிருந்தும் நான் கொலோனிலிருந்தும் வந்து முதல்தரம் சந்திக்கிற நாள். ஒரு கடையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கலாம். காதலிக்கிற பிள்ளைகளுக்கு மலையும் சமதரைதான்.

எனக்கு மலையைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சம்பந்தியம்மா வங்கியில் வேலை செய்தவர். அவருடைய தமையன் லண்டனில் டாக்டர்; குடும்ப முடிவெல்லாம் அவர்தானாம். அவர்களிடம் மகள் என்னைப்பற்றி, "அம்மா கந்தோரில் வேலை" என்று, ஏதோ அலுவலக உத்தியோகம் போல, சொல்லிவைத்திருந்தாள். பொய்யில்லை. கந்தோருக்குத்தான் போகிறேன். ஆட்கள் வருவதற்கு முன் போய், ஆறு மாடிப் படிக்கட்டையும் துடைத்துவிட்டு வருகிறேன். இருபத்திரண்டு வருசம். அந்தப் படிகளைத் துடைத்துத்தான் அவளைப் படிப்பித்தேன். அவள் அதை மறைத்ததில் எனக்குச் சரியான கோபம். ஆனாலும் கலியாணம் குழம்பிவிடுமோ என்று, முழுப் பூசணிக்காயை மறைக்க நானே சோறும் போட்டுக் கொடுத்தேன்.

ஏறும்போதே சம்பந்தியம்மா கேட்டார்.

"கந்தோரில என்ன பகுதி, அக்கா?"

"எல்லாப் பகுதியும்தான்" என்றேன். மகள் சிரிக்கவில்லை.

இறங்குகிற வழியில் பாறை வெடிப்புக்குள் இரும்பு ஏணி ஒன்று பொருத்திப் பூட்டியிருந்தது. பிள்ளைகள் இருவரும் விறுவிறென்று இறங்கிவிட்டார்கள். சம்பந்தியம்மா வெளிப்பக்கம் பார்த்தபடி முதற்காலை வைத்தார், கீழே பார்த்தார், அப்படியே உறைந்துபோனார். கீழிருந்து மகன் கூப்பிடக் கூப்பிட அவருக்குக் கண்ணீர் வந்ததே தவிர, கால் வரவில்லை.

"ஏலாது அக்கா. நான் விழுந்திடுவன்."

அவரைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டு, நான் முதலில் இறங்கினேன்.

"பாறையைப் பாத்துத் திரும்பி நில்லுங்கோ. கீழ பாக்காதேங்கோ. காலை மட்டும் என்னட்டத் தாங்கோ."

அவருடைய குதிக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தேன். பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையின் தாயின் காலைப் பிடித்தால் எங்கள் ஆட்களிடம் அதற்கு வேறு அர்த்தம். நான் பிடித்தது அதற்கல்ல. என் கால்கள் தம்பாட்டுக்குப் பின்பக்கமாய் இறங்கின, ஒருதரமும் தடுமாறவில்லை. மேலே காத்துநின்ற ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கீழே வந்து மூச்சு வாங்கியபின் சம்பந்தியம்மா கேட்டார்.

"பின்பக்கமாய் இப்பிடி இறங்க எங்க பழகினீங்கள்?"

மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் அம்மா என்கிற பார்வை. எவ்வளவு காலத்துக்கு?

"நான் படி துடைக்கிறனான், அக்கா. மேலேயிருந்து துடைச்சுக்கொண்டு பின்பக்கமாய்த்தான் இறங்க வேணும். ஒரு நாளைக்கு ஆறு மாடி."

சம்பந்தியம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ரயில் நிலையம் வரை திரும்பியே பார்க்கவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். கலியாணம் போனால் போகட்டும் என்று ஒரு அடி, ஐயோ பிள்ளை என்று அடுத்த அடி, அப்படித்தான் நானும் நடந்தேன்.

மேடையில் நிற்கும்போது சம்பந்தியம்மாவுக்கு லண்டனிலிருந்து தமையன் போன் எடுத்தார்.

"ஓம் அண்ணை, பத்திரமாய் இறங்கிட்டன். சம்பந்திதான் காலைப் பிடிச்சு இறக்கினவ... இல்லை அண்ணை, கந்தோரில எழுத்து வேலை இல்லை. படி துடைக்கிறவ." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த மேடைக்கே கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார். "அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து இந்த ஏணியில இறங்குங்கோ. பிறகு கதைப்பம்."